இரண்டு கையையும் விட்டு மரத்தில் நிற்க: கயிறு கட்டி மரமேறிக் கிளை வெட்ட வருகிறவர்களுக்கு

என்னிடம் வேலை கேட்டு வரும் பையன்கள் எல்லாரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "அண்ணா, எனக்கு நல்லா மரம் ஏறத் தெரியும்." தெரியும்தான். பாலக்கோட்டில் தென்னந்தோப்புக்குள் வளர்ந்தவனுக்கும், பென்னாகரம் பக்கம் புளி உலுக்கி வளர்ந்தவனுக்கும் மரம் ஏற நான் என்ன சொல்லித் தருவது? நான் கேட்பது வேறு. பத்தடி உயரத்தில் இருக்கும் கிளைக்குப் போய், இரண்டு கையையும் மரத்திலிருந்து எடுத்துவிட்டு, சட்டைப் பையில் இருக்கும் பீடிக் கட்டைப் பிரித்துக் காட்டச் சொல்வேன். முடியாது. ஒரு கை மரத்தைப் பிடித்தபடியே இருக்கும். மிச்சமுள்ள ஒற்றைக் கையால்தான் ரம்பம் பிடிக்க வேண்டும், கிளையைத் தள்ள வேண்டும், கண்ணில் விழுந்த தூசியைத் துடைக்க வேண்டும். நான் பார்த்த விபத்துகள் பெரும்பாலும் இந்த ஒற்றைக் கை வேலையில் நடந்தவைதான்.

கயிறு, பெல்ட், கொக்கி எல்லாம் மரம் ஏற உதவும் சாமான் என்று பலர் நினைக்கிறார்கள். ஏறுவதற்கு நம் ஊர் ஆளுக்கு அவை வேண்டியதே இல்லை. மரத்தில் நிற்பதற்குத்தான் அவை வேண்டும். இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கிற மாதிரி, அவசரப்படாமல், யோசித்து நிற்பதற்கு. இதை மனதில் வைத்துக்கொண்டால் எதை வாங்குவது, எதை விடுவது, எந்த மரத்தில் ஏறாமல் இருப்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் தானாக வரும்.

வேலை எப்போது, எப்படி வரும்

2004 வரை ஒரே மாவட்டமாக இருந்த தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் இந்த வேலை பருவத்தோடு வருகிறது. தையிலிருந்து பங்குனி வரை புளி. உலுக்குவது வேறு ஆட்களின் வேலை. ஆனால் உலுக்க ஏறுபவர்கள் "மேலே ஒரு கொம்பு காய்ஞ்சு நிக்குது, கால் வைக்க பயமா இருக்கு" என்று சொல்லும்போது நம்மைக் கூப்பிடுவார்கள். சித்திரை, வைகாசியில் கோடை மழையோடு சூறைக்காற்று அடிக்கும். மறுநாள் விடியும் முன்பே போன் அடிக்கும்: கூரைமேல் கிளை, கார்மேல் கிளை, கம்பிமேல் கிளை. இந்த வேலையில் காசு அதிகம், ஆபத்து அதைவிட அதிகம். புதியவர்கள் முதல் இரண்டு வருடம் சூறைக்காற்று வேலைக்கு மேலே ஏறக் கூடாது என்பது என் கண்டிப்பான விதி. ஒடிந்து சிக்கி நிற்கும் கிளையில் எந்தப் பக்கம் இழுவை இருக்கிறது என்று கண்டுபிடிக்க அனுபவம் வேண்டும்.

ஆடி, ஆவணியில் மா அறுவடை முடியும். காவேரிப்பட்டணம், சந்தூர், பர்கூர் பக்கத் தோப்புகளில் கவாத்து, அதாவது கிளை கழிக்கும் வேலை, ஆரம்பிக்கும். மரம் உயரமில்லை, வேலை பொறுமையானது, பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. மாம்பால் தோலில் பட்டால் புண்ணாகும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் பள்ளிக்கூடம், கோயில், கல்யாண மண்டபம் என்று பெரிய தூங்குமூஞ்சி, வேப்ப மரங்கள். ஓசூரில் மட்டும் வருடம் முழுக்க வேலை உண்டு. குடியிருப்புகளில் சுவருக்கும் சுவருக்கும் நடுவே வளர்ந்துவிட்ட மரங்களை அப்படியே சாய்க்க இடமிருக்காது. துண்டு துண்டாகக் கயிற்றில் இறக்க வேண்டும். இந்தத் தொழிலை நன்றாகச் செய்பவனுக்கு மரியாதை கிடைப்பது அங்கேதான்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. காற்று பெரிதாக இல்லை. ஆனாலும் அதற்கப்புறம் பல நாட்களுக்கு, வெயில் அடிக்கும் அமைதியான மதியத்தில்கூட மரங்கள் வேரோடு சாய்ந்துகொண்டிருந்தன. மண் ஊறிக் கிடந்தால் மரத்துக்குப் பிடி இருக்காது. பெருமழைக்குப் பிறகு அடிமண்ணைப் பார்க்காமல் ஏறாதீர்கள்.

முதல் ஆறு மாதம் தரையில்

யாரும் விரும்பாத பகுதி இதுதான், தெரியும். ஆனால் மேலே நிற்பவனின் உயிர் கீழே நிற்பவன் கையில் இருக்கிறது. கிளை இறக்கும் கயிற்றை எப்போது இறுக்குவது, எப்போது விடுவது, கயிறு முறுக்கிக்கொள்ளாமல் பையில் எப்படிப் போடுவது, தழையை எந்தப் பக்கம் முதலில் இழுத்தால் சிக்காது, இதெல்லாம் தரையில் நின்றுதான் பிடிபடும். காலில் கயிறு சுற்றியிருக்கும்போது கிளை இறங்கினால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை நினைத்துப் பார்த்தால் போதும், கயிற்றின்மேல் நிற்கும் பழக்கம் போய்விடும்.

நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் ஒரே கூட்டத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுகிறவர்கள் இருப்பார்கள். தமிழில் "பிடி" என்றால் பிடித்துக்கொள். கன்னடத்தில் "பிடு" என்றால் விட்டுவிடு! மிஷின் (சங்கிலி ரம்பம்) சத்தத்தில், முப்பதடி உயரத்திலிருந்து கத்தும்போது இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். ஒருமுறை நான் "பிடி, பிடி" என்று கத்த, கீழே இருந்தவர் மிகக் கீழ்ப்படிதலாகக் கயிற்றை முழுக்க விட்டார். கிளை ஓட்டுக் கூரையில் போய் உட்கார்ந்தது. அன்றைய கூலி முழுவதும் ஓட்டுக்குப் போனது. அன்றிலிருந்து விசில்தான்: ஒன்று அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் இறக்கு, விடாமல் அடித்தால் எல்லாரும் மரத்தடியை விட்டு ஓடு. உங்கள் கூட்டத்தில் எந்தக் கணக்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் காலையில் வேலை தொடங்கும் முன் எல்லாரும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

முடிச்சுகளையும் இந்த ஆறு மாதத்தில் கற்றுவிட வேண்டும். எட்டு முடிச்சு, கட்டையில் கயிறு கட்டும் முடிச்சு, உராய்வு முடிச்சு (கையால் தள்ளினால் கயிற்றில் நகரும், எடை விழுந்தால் இறுக்கிப் பிடிக்கும்), இவை மூன்றும் கண்ணை மூடிக்கொண்டு வர வேண்டும். திண்ணைத் தூணில் பழகுங்கள்.

சாமான்கள், வாங்க வேண்டிய வரிசையில்

முழு செட் சேர்க்க, ஓடுகிற நிலையில் உள்ள பழைய பைக் ஒன்றின் விலை ஆகும். ஒரே நாளில் வாங்க வேண்டாம். ஆனால் வரிசை மாறக் கூடாது. எல்லாரும் முதலில் மிஷினைத்தான் வாங்குகிறார்கள். அது கடைசியில் வர வேண்டியது.

முதலில் ஹெல்மெட். கட்டட வேலைக்காரர்கள் போடும் மஞ்சள் தொப்பி குனிந்தாலே கழன்று விழும். தாடைப் பட்டை உள்ள, மலையேறுபவர்களும் உயரத்தில் வேலை செய்பவர்களும் போடும் வகையைப் பாருங்கள். கீழே நிற்பவருக்கும் ஒன்று வேண்டும். அடிபடுகிற தலை பெரும்பாலும் அவருடையதுதான்.

அடுத்தது பெல்ட். இங்கேதான் பெரிய குழப்பம். ஹார்டுவேர் கடையில் "சேஃப்டி பெல்ட்" என்று கேட்டால், முதுகில் ஒரு வளையமும் அதில் ஒரு கயிறும் கொக்கியும் உள்ளதைக் கொடுப்பார்கள். சாரத்திலிருந்து தவறி விழுந்தால் பிடித்து நிறுத்த அது சரி. ஆனால் அதில் உட்கார்ந்து வேலை செய்ய முடியாது. முதுகில் தொங்கினால் ரம்பத்தை எங்கே வைப்பீர்கள்? நமக்கு வேண்டியது இடுப்பையும் இரண்டு தொடையையும் தாங்குகிற, முன்பக்கம் தொங்கு வளையமும் இடுப்பின் இரு பக்கமும் பக்க வளையங்களும் உள்ள உட்காரும் பெல்ட். அதில் உட்கார்ந்தால் எடை தொடையில் இறங்க வேண்டும், இடுப்பை அறுக்கக் கூடாது. வாங்குமுன் கடையிலேயே பத்து நிமிடம் தொங்கிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை. ஓசூரைத் தாண்டினால் பெங்களூர்தானே, அங்கே மலையேற்றச் சாமானும் உயர வேலைச் சாமானும் விற்கும் கடைகள் உண்டு. ஐரோப்பியத் தரக் குறியான இஎன் 813, இஎன் 358 இரண்டும் லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் எண் உட்காரும் பெல்ட்டுக்கு, இரண்டாவது பக்க வளையத்தில் சாய்ந்து நிற்பதற்கு.

மூன்றாவது, இடுப்புக் கயிறு. மூன்று நான்கு மீட்டர் நீளம், மரத்தைச் சுற்றி இரண்டு பக்க வளையத்திலும் மாட்டுவது, நீளத்தைக் கூட்டிக் குறைக்க முடிவது. பனை ஏறுபவர்கள் இடுப்பில் போட்டிருந்த கயிற்றின் வழி வந்ததுதான் இதுவும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஷின் வைத்து அறுப்பவர்கள் உள்ளே எஃகு வடம் ஓடும் வகையை வாங்குகிறார்கள். தவறி மிஷின் பட்டாலும் சட்டென்று அறுந்துவிடாது. சட்டென்று என்றுதான் சொன்னேன்.

நான்காவது, ஏறு கயிறு. இதைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கிலோ கணக்கில் கிடைக்கும் நீல நிற, பச்சை நிறப் பிளாஸ்டிக் கயிறு மாடு கட்டவும் லாரியில் தார்ப்பாய் கட்டவும் நல்லது. ஆளைக் கட்ட ஆகாது. உராய்ந்தால் உருகும், வெயிலில் நொறுங்கும், முடிச்சு வழுக்கும். எவ்வளவு தாங்கும் என்று யாருக்கும் தெரியாது என்பது எல்லாவற்றையும்விட மோசம். ஏறு கயிறு 11 முதல் 13 மில்லிமீட்டர் தடிமனில், உள்ளே நரம்பும் வெளியே பின்னிய உறையுமாக, அதிகம் நீளாத வகையாக இருக்க வேண்டும். லேபிளில் 22 கிலோ நியூட்டன் என்று இருந்தால், கிட்டத்தட்ட 2,200 கிலோ இழுவையில்தான் அறும் என்று அர்த்தம். "நான் 60 கிலோ, எதுக்குண்ணா இவ்வளவு?" என்று கேட்பார்கள். முடிச்சுப் போட்ட இடத்தில் பலம் மூன்றில் ஒரு பங்கு வரை குறையலாம். கயிறு பழசாகும், நனையும், பட்டையில் தேயும். தொய்வாக விட்டு ஒரு மீட்டர் விழுந்தாலே இழுவை எடையைப்போலப் பல மடங்காகும். இதெல்லாம் போக மிச்சம் இருப்பதுதான் உங்கள் உயிர்.

அதிகம் நீளாத கயிறு என்பதற்கு இன்னொரு பொருளும் இருக்கிறது. விழுந்தால் அது ரப்பர் மாதிரி தாங்கிக்கொள்ளாது, முதுகெலும்பில் அடிக்கும். அதனால் கட்டிய இடம் எப்போதும் உங்கள் தலைக்கு மேலேயும், கயிறு தொய்வில்லாமலும் இருக்க வேண்டும். கட்டிய இடத்தைத் தாண்டி மேலே போக வேண்டியிருந்தால் முதலில் இடுப்புக் கயிற்றை மாட்டி நின்று, ஏறு கயிற்றை மேலே மாற்றிக் கட்டிவிட்டு, அப்புறம்தான் நகர வேண்டும். கயிற்றை இரட்டையாகப் போட்டு ஏறுவதால் 45 மீட்டர் நீளம் வாங்கினால் நம் ஊர் மரங்களுக்கு வெகுவாகப் போதும்.

கொக்கி. தானாகப் பூட்டிக்கொள்ளும், திறக்க மூன்று அசைவு தேவைப்படும் வகைதான் வேண்டும். திருகு போட்டுப் பூட்டும் வகை கிளையில் உராய்ந்தே கழன்றுவிடும். சாவிக்கொத்துக்கு விற்கும் வண்ணக் கொக்கியில் சாவி மட்டும்தான் தொங்க வேண்டும்.

எறி நூல். சுமார் இரண்டு மில்லிமீட்டர் நூலும், 300 கிராம் அளவில் ஒரு சிறு ஈயக் குண்டுப் பையும். கீழிருந்தபடியே உயரமான கவட்டைக்கு மேல் நூலை எறிந்து, அதன் பின்னால் கயிற்றை இழுத்துக்கொள்ளலாம். சின்ன வயதில் கல்லெறிந்து மாங்காய் அடித்தவர்களுக்கு இது ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். எனக்கு வர ஒரு மாதம் ஆனது. கல்லுக்குப் பயந்த நல்ல பிள்ளையாக வளர்ந்த பாவம்.

கைரம்பம். வளைந்த, இழுக்கும்போது அறுக்கும் ஜப்பானிய வகை ரம்பம் ஒன்று உறையோடு காலில் கட்டியிருந்தால் கவாத்தில் முக்கால்வாசி வேலை முடியும். சில்க்கி என்ற பெயரில் வருவது விலை அதிகம், ஆனால் அரிவாளைத் திரும்பத் தொட மனம் வராது. அரிவாளால் வெட்டினால் பட்டை கிழியும். வீச்சுக்கு இடம் வேண்டும், அந்த வீச்சில்தான் கயிறு அறுபடும்.

இரும்பு முள் கட்டிய காலணியைப் பற்றியும் கேட்பீர்கள். முழுக்க வெட்டி அகற்றப் போகிற மரத்துக்கு மட்டும்தான் அது. உயிரோடு இருக்க வேண்டிய மரத்தில் ஒவ்வொரு அடியும் ஒரு புண். தென்னை ஏறும் இரும்புக் கருவி கிளையில்லாத நேர்த் தண்டுக்கு அருமையானது. புளியிலோ வேம்பிலோ முதல் கவட்டையிலேயே நின்றுவிடும்.

மரத்தைச் சுற்றி ஒரு நடை

பையைப் பிரிக்கும் முன் மரத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். நான் இரண்டு சுற்று வருவேன், ஒன்று கீழே பார்த்து, ஒன்று மேலே பார்த்து. கீழே: வேர்ப்பக்கம் மண் வெடித்திருக்கிறதா, பள்ளம் தோண்டி ஒரு பக்க வேரை அறுத்திருக்கிறார்களா, அடியில் காளான் முளைத்திருக்கிறதா. குழாய் பதிக்க ஜேசிபி வந்துபோன வீதிகளில் மரம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஒரு பக்கம் வேரே இருக்காது. தண்டை ஒரு மரச் சுத்தியால் தட்டுங்கள். பறை மாதிரி ஒலித்தால் உள்ளே பொந்து. பழைய புளியமரங்களில் பொந்து சாதாரணம். நடுப்பகுதி போனாலும் சுற்றுச் சுவர் தடிமனாக இருந்தால் அது நிற்கும். சுவர் மெலிந்திருந்தால் வேறு வழி யோசிக்க வேண்டும்.

மேலே: கம்பி, தேன்கூடு, காய்ந்த கொம்பு. பெரிய மலைத்தேனீக் கூடு இருந்தால் அன்று வேலை இல்லை. கயிற்றில் தொங்குகிறவன் தேனீயிடமிருந்து ஓட முடியாது. இலையை மடித்துக் கூடு கட்டும் செவ்வெறும்பு மாமரத்தில் நிச்சயம் இருக்கும். அதற்குப் பயந்து யாரும் செத்ததில்லை, ஆனால் அது கடித்த நேரத்தில் கொக்கி மாட்ட மறந்தவர்கள் உண்டு.

மரத்துக்கு மரம் குணம் வேறு. புளியங்கொம்பு வளையும், தாங்கும், கயிறு கட்ட இதைவிட நம்பிக்கையான மரம் நம் பக்கத்தில் இல்லை. வேம்பு பரவாயில்லை. தூங்குமூஞ்சி அகலமாகக் கை நீட்டி நிற்கும். நுனியில் எடை அதிகம், எதிர்பாராமல் முறியும். மயில்கொன்றை இன்னும் மோசம். முருங்கையில் ஏறாதீர்கள் என்று சொல்லவே வேண்டாம், அதைப் பாட்டிமார்களே சொல்லிவிட்டார்கள். எந்த மரமாக இருந்தாலும் காய்ந்த கிளையில் கயிறு கட்டாதீர்கள்.

முதல் ஏற்றம்

தனியாக வேண்டாம், பழகியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். முதல் ஒரு மாதம் பத்தடிக்கு மேல் போக வேண்டாம்.

1. உங்கள் தொடையைவிடத் தடிமனான உயிர்க்கிளை தண்டோடு சேரும் கவட்டையைத் தேர்ந்தெடுங்கள். எறி நூலை அதன்மேல் எறிந்து கயிற்றை இழுத்துப் போடுங்கள்.

2. இரண்டு ஆள் சேர்ந்து கயிற்றில் தொங்கி, குலுக்கிப் பாருங்கள். கிளை முறிய வேண்டுமென்றால் இப்போது முறியட்டும்.

3. கயிற்றின் ஒரு முனையை எட்டு முடிச்சிட்டு, கொக்கியால் பெல்ட்டின் முன்வளையத்தில் மாட்டுங்கள். முடிச்சைத் தாண்டி வால் ஒன்றரை மீட்டர் இருக்கட்டும்.

4. அந்த வாலால் மறுபக்கக் கயிற்றில் உராய்வு முடிச்சுப் போடுங்கள். முதலில் பழக நல்லது பிளேக் முடிச்சு: மறுபக்கக் கயிற்றைக் கீழிருந்து மேலாக நான்கு சுற்று. முதல் இரண்டு சுற்றில் கட்டைவிரலையும் சேர்த்துச் சுற்றுங்கள். பிறகு வாலைக் கீழே கொண்டுவந்து, பெல்ட்டிலிருந்து வரும் கயிற்றுக்கு முன்னால் கடத்தி, ஏறு கயிற்றுக்குப் பின்னால் போட்டு, கட்டைவிரல் இருந்த இடம் வழியாக வெளியே எடுங்கள். வால் நுனியில் ஒரு தடுப்பு முடிச்சு. இதைப் படித்துவிட்டு மட்டும் ஏறாதீர்கள். தெரிந்தவர் கண்ணால் பார்த்துச் சரி சொல்ல வேண்டும்.

5. ஒரு முழ உயரத்தில் எடையை முழுக்கக் கொடுத்து உட்காருங்கள். முடிச்சு பிடிக்கிறதா? பிடித்தால் தரையிலிருந்து மேலே. ஏறும்போது முடிச்சைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். இறங்கும்போது அதன் தலையை மெதுவாகக் கீழே இழுக்க வேண்டும். வேகமாக இறங்கினால் முடிச்சு சூடேறிப் பளபளப்பாகிவிடும். அதற்கப்புறம் அந்த இடம் வழுக்கும்.

உராய்வு முடிச்சுக் குடும்பத்தில் பலருக்கும் தெரிந்தது புரூசிக். ஆஸ்திரிய மலையேறி கார்ல் புரூசிக் 1931-இல் வெளியிட்டது. இப்போது முடிச்சுக்குப் பதில் பெட்சல் நிறுவனத்தின் ஜிக்ஜாக் மாதிரி இயந்திரக் கருவிகளும் வந்துவிட்டன. கை வலிக்காது. ஆனால் முடிச்சில் ஒரு வருடம் ஏறாதவர்களுக்கு நான் அதைத் தருவதில்லை. கருவி கீழே விழுந்துவிட்டால் மரத்திலிருந்து எப்படி இறங்குவது என்று தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

மேலே போனதும் முதல் வேலை: இடுப்புக் கயிற்றை மாட்டுங்கள். இப்போது இரண்டு இடத்தில் கட்டியிருக்கிறீர்கள். இரண்டு கையையும் விடுங்கள். பீடிக் கட்டைப் பிரிக்கலாம், பற்ற வைக்காதீர்கள்.

அறுப்பது

ரம்பம் எதுவானாலும், அறுக்கும் நேரத்தில் இரண்டு இடத்தில் கட்டியிருக்க வேண்டும். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. பர்கூர்ப் பக்கம் ஒரு வேப்பமரத்தில், நன்றாகத் தெரிந்த வேலைதானே என்று கைரம்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். ரம்பம் கிளையைத் தாண்டி வந்து ஏறு கயிற்றை மெல்லத் தொட்டது. உரசியது என்றுகூடச் சொல்ல முடியாது. எடை தொங்கி விறைத்து நின்ற கயிறு வாழைத்தண்டு மாதிரி அறுந்தது. இடுப்புக் கயிறு இருந்ததால் தண்டோடு போய் மோதி, முழங்கை தோல் உரிந்ததோடு போனது. கீழே கிரானைட் பலகைகள் அடுக்கி வைத்திருந்தார்கள்.

கிளையை எங்கே அறுப்பது? தண்டோடு சேரும் இடத்தில் ஒரு தடித்த வளையம் தெரியும், நாங்கள் அதைக் கழுத்து என்போம். கழுத்தை ஒட்டி, அதற்கு வெளியே அறுக்க வேண்டும். தண்டோடு வழவழவென்று இழைத்த மாதிரி அறுப்பது பார்க்க அழகு, மரத்துக்குக் கேடு. ஒரு அடி கட்டையாக நீட்டி விட்டாலும் அது காய்ந்து, அழுகலை உள்ளே கொண்டுபோகும். மரம் மனிதத் தோல் மாதிரி புண்ணை ஆற்றிக்கொள்வதில்லை, சுற்றிச் சுவர் எழுப்பி அழுகலைத் தனிமைப்படுத்துகிறது என்று அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்க ஆய்வாளர் ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்துக் காட்டினார். அந்தச் சுவர் எழும்பும் இடம்தான் கழுத்து. வெட்டிய இடத்தில் தார், பெயின்ட் பூசச் சொல்லி வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். பூசினால் அழுகல் நிற்காது. விளக்கம் சொல்லியும் கேட்காவிட்டால் நான் பூசிவிடுவேன், சண்டை எதற்கு.

கனமான கிளைக்கு மூன்று வெட்டு. கழுத்திலிருந்து ஒரு அடி தள்ளி, கீழிருந்து மேலாக மூன்றில் ஒரு பங்கு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழுக்க. கிளை விழுந்ததும், மிச்சக் கட்டையைக் கழுத்தருகே. முதல் வெட்டை விட்டுவிட்டால் கிளை விழும்போது தண்டின் பட்டையைக் கோவணம் மாதிரி உரித்துக்கொண்டு போகும்.

"மொட்டை அடிச்சிடுங்க" என்று கேட்பவர்கள் நிறைய. தலையை வெட்டினால் அடுத்த மழைக்கு அதே உயரத்துக்குக் குச்சிக் குச்சியாக, பிடிப்பில்லாத கிளைகள் வரும், இரண்டு வருடத்தில் முன்னைவிட ஆபத்து. நுனி எடையைக் குறைத்து, காய்ந்ததை எடுத்து, உரசும் கிளையில் ஒன்றை எடுத்துத் தருகிறேன் என்று சொல்லுங்கள். பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள்.

கயிற்றில் இறக்குவதற்கு முன் எடை தெரிய வேண்டும். பச்சை மரத்தை ஏறக்குறையத் தண்ணீர் கனம் என்று வைத்துக்கொண்டால், ஒரு அடி தடிமனும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள துண்டு 70 கிலோ. புளி இன்னும் கனம். கப்பியில் கயிறு போட்டு இறக்கும்போது, கீழே இழுத்துப் பிடிப்பவரின் இழுவையும் சேர்ந்து கப்பி கட்டிய கிளைக்குச் சுமை இரட்டிப்பாகும். துண்டு கொஞ்சம் விழுந்து பிறகு கயிறு இழுத்தால் அதுவும் பல மடங்கு. ஆகவே துண்டைச் சிறிதாக்குங்கள். கயிற்றை வெறுங்கையால் பிடிக்காமல், அடிமரத்தில் இரண்டு மூன்று சுற்றுப் போட்டு உராய்வில் விடுங்கள்.

மிஷின் கடைசி. மேலே பயன்படுத்த, மேல்பிடி உள்ள சின்ன மிஷின் தனியாக வருகிறது. ஒற்றைக் கையால் பிடிக்க வசதியாகச் செய்த மாதிரிதான் தெரியும், அதுதான் அதன் வஞ்சகம். இரண்டு கையாலும்தான் பிடிக்க வேண்டும். பிளேடின் நுனி மேல்பகுதி எதிலாவது பட்டால் மிஷின் முகத்தைப் பார்த்துத் திருப்பி அடிக்கும், ஒற்றைக் கையால் அதை நிறுத்த முடியாது. ஒரு வருடம் தரையில் அறுத்துப் பழகாமல் மேலே கொண்டுபோகாதீர்கள்.

கம்பியும் காகிதமும்

மின்கம்பி பக்கத்தில் இருந்தால் மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, லைனை நிறுத்தி, அவர்கள் ஆள் வந்து நின்ற பிறகே ஏறுங்கள். "பக்கத்து வீட்டு லைன்மேன் எனக்குத் தெரிஞ்சவர், போன்ல சொல்லிட்டேன்" என்ற பேச்சை நம்பாதீர்கள். பச்சைக் கிளையில் மின்சாரம் ஓடும். கயிறு நனைந்தால் அதிலும் ஓடும்.

சாலையோர மரம், புறம்போக்கு மரம், பள்ளி மரம் எதுவானாலும் எழுத்தில் அனுமதி இல்லாமல் வெட்டாதீர்கள். மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழு வரை போக வேண்டியிருக்கலாம். அனுமதி வாங்குவது கூப்பிட்டவர் வேலை, கேட்டுப் பார்ப்பது உங்கள் வேலை. சொந்தப் பட்டா நிலத்தில் இருந்தாலும் சந்தன மரத்தில் வனத்துறை சொல்லாமல் கை வைக்க வேண்டாம்.

மேலே ஒருவர் மயங்கினால்

இதை யாரும் யோசிப்பதில்லை. பெல்ட்டில் அசையாமல் தொங்கினால் ரத்தம் காலில் தேங்கும். சில நிமிடங்களிலேயே நிலைமை மோசமாகலாம். 108-க்கும் தீயணைப்புக்கும் உடனே போன் செய்ய வேண்டும்தான், ஆனால் தளியிலிருந்து உள்ளே போன ஒரு தோட்டத்துக்கு அவர்கள் வந்து சேர நேரமாகும். அதனால் கீழே இருப்பவர்களில் ஒருவருக்காவது ஏறத் தெரிந்திருக்க வேண்டும். அவருக்கு இரண்டாவது பெல்ட்டும் கயிறும் மரத்தடியில் பிரித்து வைத்திருக்க வேண்டும். மாதம் ஒருமுறை மணல் மூட்டையை மேலே கட்டி இறக்கிப் பழகுகிறோம். ஊரார் வேடிக்கை பார்ப்பார்கள்.

கூலி, காப்பீடு, உடம்பு

விலையை மரத்தைப் பார்க்காமல் போனில் சொல்லாதீர்கள். விறகு யாருக்கு, தழையை யார் அள்ளுவது, குட்டி யானை வாடகை யார் தருவது, இந்த மூன்றையும் ஏறுவதற்கு முன்பே பேசி முடியுங்கள். என் தகராறுகள் எல்லாம் தழையில்தான் வந்திருக்கின்றன, ஒன்றுகூட மரத்தில் வந்ததில்லை.

வங்கிக் கணக்கில் வருடம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேருங்கள், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்திலும் பதிவு செய்யுங்கள். தென்னை ஏறுபவராகவும் இருந்தால் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேர சுரக்ஷா காப்பீட்டைக் கேட்டுப் பாருங்கள். முந்தின நாள் இரவு குடித்தவரை மறுநாள் மேலே ஏற்றாதீர்கள், மாமனாக இருந்தாலும் சரி. மதியம் பன்னிரண்டுக்கு மேல் சித்திரை வெயிலில் வேலையை நிறுத்துங்கள். நீராகாரம் ஒரு கேன் மரத்தடியில் இருக்கட்டும்.

சாயங்காலம்

கயிற்றை விரலிடுக்கில் ஓட்டிப் பார்த்தே பையில் போடுங்கள். உறை கிழிந்திருக்கிறதா, உள்ளே எங்காவது மெலிந்தோ வீங்கியோ தட்டுப்படுகிறதா என்று விரலுக்குத் தெரியும். அழுக்கானால் வெறும் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். பெட்ரோல் கேனும் பேட்டரியும் இருக்கும் மூலையில் கயிற்றை வைக்காதீர்கள். எவ்வளவு கவனமாக வைத்தாலும் துணி, கயிறு வகைகளைப் பத்து வருடத்துக்கு மேல் வேண்டாம் என்றுதான் தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். தினம் ஏறுகிறவர்களுக்கு அதில் பாதிகூட வராது.

சந்தேகம் வந்த கயிற்றை அன்றைக்கே இரண்டு முழத் துண்டுகளாக வெட்டிவிடுங்கள். முழுசாக மூலையில் கிடந்தால் அவசரத்தில் யாராவது எடுத்துக் கட்டிக்கொண்டு ஏறிவிடுவார்கள், அது நீங்களாகவே இருக்கலாம். துண்டுகளை வீணாக்க வேண்டாம். ஆடு கட்ட நன்றாக இருக்கிறதென்று எங்கள் தெருவில் முன்கூட்டியே சொல்லி வைக்கிறார்கள்.